திருவனந்தபுரத்தில் வாடகை: கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டுமா?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருப்பதால் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்று கழக்கூட்டத்தில் ஃபிளாட் பிடிப்பவர்கள் நம்புவது பாதிதான் சரி. கேரளத்தின் 1965-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டட வரியை ஒட்டி நியாய வாடகையைக் கணக்கிடச் சொன்னது. விலைவாசி ஏறியும் வாடகை உறைந்து கிடப்பது உரிமையாளருக்கு அநியாயம்தானே? அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 1995-ல் ஐசக் நைனான் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் நியாய வாடகை பற்றிய 5, 6, 8 பிரிவுகளை ரத்து செய்தது. அதற்காக வாடகைதாரர் நிராதரவாகிவிடவில்லை. தகராறு வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் நியாயமான தொகையை நிர்ணயிக்கலாம். அங்கே எடுபடுவது அக்கம்பக்கத்து வாடகை, கட்டடத்தின் வயது, வசதிகள். எனவே அதே குடியிருப்பின் மற்ற ஒப்பந்தங்களின் நகல் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

“பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தது, வாடகையை ஏற்றிக் கொடு, இல்லையேல் காலி செய்” என்பார்கள். சட்டம் நடைமுறையிலுள்ள பகுதியில் ஒப்பந்தம் முடிந்தது மட்டுமே வெளியேற்றப் போதாது. 11-ஆம் பிரிவு சொல்லும் காரணம் வேண்டும். பாக்கி இருந்தாலும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் 6 சதவீத வட்டி, தபால் செலவுடன் கட்டிவிடலாம். முன்பணம் இரண்டு மாதம்தான் என்று மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தைக் காட்டி வாதாடாதீர்கள். மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். முன்பணத் தொகையையும் திருப்பித் தரும் கெடுவையும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். மாதம், தொகை, தேதி, கையெழுத்து உள்ள ரசீது கேட்பது உங்கள் உரிமை. அது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.