யூக்கலிப்டஸ் தோட்டத்தில் ஐதாக்கலும் கிளை கத்தரித்தலும்

எமது நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது 1990 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் வீட்டுத் தோட்டங்களும் நட்டு வளர்த்த மரத் தோட்டங்களுமே எமது மரத் தேவையின் பெரும் பங்கை நிறைவு செய்கின்றன. மலையகத்தில் இவ்வாறு வளர்க்கப்படும் மரங்களுள் யூக்கலிப்டஸ் முதன்மையானது. அதிலும் கிரான்டிஸ் என்னும் இனம் நல்ல மண்ணில் ஆண்டுக்கு 3 மீற்றருக்கு மேலும் உயரும். ஆயினும் பல ஆண்டுகள் காத்திருந்தும் விறகுக்கு மட்டுமே உதவும் மெல்லிய மரங்களையே சிலர் காண்கின்றனர். உரிய காலத்தில் செய்ய வேண்டிய இரு வேலைகள் விடுபட்டுப் போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அவ்விரண்டையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

மரம் தடிப்பது எவ்வாறு?

மரத்தின் உணவை ஆக்குவது இலை. இலைக்கு வேண்டியது வெளிச்சம். யூக்கலிப்டஸ் நிழலைப் பொறுக்காத மரம். நெருக்கமாக நிற்கும்போது கீழ்க்கிளைகள் காய்ந்து, உச்சியில் மட்டும் சிறிதளவு இலை மிஞ்சுகிறது. உயரம் பெரும்பாலும் மண்ணையும் மழையையும் பொறுத்தது. நெருக்கத்தால் அது அதிகம் மாறுவதில்லை. தண்டின் பருமனோ இடைவெளியைப் பொறுத்தது.

தென்னாபிரிக்காவில் ஓ'கொனர் என்பவர் 1930களில் வகுத்த முறைப்படி, ஹெக்டேயருக்கு 124 மரம் முதல் 2,965 மரம் வரை வெவ்வேறு நெருக்கத்தில் வளர்த்துப் பார்த்தனர். நெருக்கமான பாத்திகளில் மொத்த மரத்தின் அளவு கூடியது. ஐதான பாத்திகளில் ஒவ்வொரு மரமும் தடித்தது. எனவே ஐதாக்கல் நிலத்தின் மொத்த விளைச்சலைக் கூட்டாது. அந்த விளைச்சலை எந்த மரங்களில் சேர்ப்பது என்பதையே தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே உயரமுள்ள மரங்களில் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நான்கும், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒன்றும் ஏறக்குறைய ஒரே அளவு மரத்தைக் கொண்டவை. ஆனால் அந்த நான்கிலிருந்தும் அகலமான பலகை ஒன்றும் கிடையாது. மேலும், வளரும்போது யூக்கலிப்டஸ் தண்டினுள் ஒருவகை இழுவிசை உண்டாகிறது. தறித்த குற்றியின் முனை வெடிப்பதும், அரியும்போது பலகை வளைவதும் இதனாலேயே. மெல்லிய குற்றிகளில் இச்சேதம் அதிகம்.

ஐதாக்கும் முறை

1. அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் முட்டி, கீழ்க்கிளைகள் காயத் தொடங்குவதே முதல் அடையாளம். மரத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கிலும் குறைவாகப் பச்சை இலை மிஞ்சும்வரை தாமதித்தால், பின்பு இடம் கிடைத்தாலும் மரம் விரைவில் தேறாது.

2. வளைந்தவை, கவைத்தவை, நோயுற்றவை, நோஞ்சான்கள் ஆகியவற்றை முதலில் அகற்றுவோம். அவசரப் பணத்துக்காகத் தடித்த மரங்களை விற்று நோஞ்சான்களை விட்டுவைப்பவர் தமது முதலையே விற்றவராவார்.

3. ஒரே தடவையில் அதிகம் வெட்டலாகாது. நெருக்கத்தில் மெலிந்து வளர்ந்த மரம் தனித்து நின்றால் காற்றில் சாயும். திடீரென வெளிச்சம் பட்ட தண்டில் புதுத் துளிர்களும் வெடிக்கும். தென்னாபிரிக்காவில் பலகைக்கான கிரான்டிஸ் தோட்டங்களில் ஹெக்டேயருக்கு 1,100 முதல் 1,300 வரை கன்று நட்டு, இரண்டு மூன்று தடவைகளில் ஐதாக்கி, இறுதியில் 250 முதல் 300 வரை விடும் வழக்கம் உண்டு. இறுதித் தொகை ஏக்கருக்குச் சுமார் 100 முதல் 120 மரம் ஆகும்.

4. வெட்டிய அடிக்கட்டைகள் மீண்டும் துளிர்க்கும். அத்துளிர்களை அவ்வப்போது உடைத்துவிடாவிடில், நாம் கொடுத்த இடத்தை அவையே பிடித்துக்கொள்ளும்.

கிளை கத்தரித்தல்

கிளை கத்தரித்தால் மரம் விரைவாக வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பச்சைக் கிளையை வெட்டுவது உணவு ஆக்கும் இலையை வெட்டுவதாகும். கத்தரிப்பதன் பயன் கணுவில்லாத பலகையே. கிரான்டிஸ் தன் கீழ்க்கிளைகளைத் தானாகவே உதிர்க்கும் இயல்புடையது. ஆயினும் உதிராது நிற்கும் காய்ந்த கட்டைகளைத் தண்டு மூடி வளரும்போது, பலகையில் கழன்று விழும் கணுவும் பிசின் குழிகளும் உண்டாகின்றன.

தண்டு 10 சென்ரிமீற்றர் பருமனாக இருக்கையில் கத்தரித்தால், அதன்பின் வெளியே சேரும் மரம் முழுவதும் சுத்தமானது. 20 சென்ரிமீற்றர் ஆகும்வரை காத்திருந்தால், 30 சென்ரிமீற்றர் மரத்திலும் சுற்றிவர 5 சென்ரிமீற்றரே சுத்தமாக இருக்கும். ஆகவே இளமையிலேயே, கிளைகள் மெல்லியனவாக இருக்கும்போதே, இரண்டு மூன்று தடவைகளில் படிப்படியாக உயர்த்திச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரத்தின் மேற்பாதியையாவது இலையோடு விட்டுவைப்போம்.

கத்தியால் கொத்தாமல் கூரிய வாளால் அறுப்பதே நன்று. கிளையின் அடியில் உள்ள வீங்கிய வளையத்தைக் காயப்படுத்தாமலும், வெளியே கட்டை நீளாமலும் அறுத்தால் காயம் விரைவில் மூடும். மழை ஓய்ந்த நாட்களில் செய்தால் அழுகல் குறையும்.

இரண்டும் சேர்ந்தே பயன் தரும்

ஐதாக்கி, கத்தரிக்காமல் விட்டால், வெளிச்சம் பெற்ற கீழ்க்கிளைகள் சாகாமல் தடித்துப் பெரிய கணுக்களாகும். கத்தரித்து, ஐதாக்காமல் விட்டால், சுத்தமான மரம் சேர்வதற்குத் தண்டு தடிக்காது. ஆதலால் இறுதிவரை நிற்கப்போகும் மரங்களைத் தெரிந்து அடையாளமிட்டு, அவற்றை மட்டும் கத்தரிப்பதே கூலிக்கு ஏற்ற வேலை.

விறகுக்காக மட்டும் நட்டவர்க்கு இவ்விரு வேலைகளும் தேவையில்லை. அவர்க்கு வேண்டியது மொத்த அளவே. எனவே நடுவதற்கு முன்பே விறகா, கம்பமா, பலகையா என்று முடிவு செய்துகொள்வோம். தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவையா என்பதைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறிவதும் நன்று.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊரிலுள்ள யூக்கலிப்டஸ் மரங்களில் பச்சை இலை எந்த உயரத்தில் தொடங்குகிறது? ஐதாக்கும் காலம் வந்துவிட்டதா, கடந்துவிட்டதா?

2. ஐதாக்கும்போது கிடைக்கும் சிறு மரங்களை எவ்வாறு பயன்படுத்தலாம்?

3. நல்ல மரத்தை முற்றாமல் விற்கச் செய்யும் பண நெருக்கடியைச் சமாளிக்க நாம் கூடி என்ன செய்யலாம்?