மூன்று ஆறும் ஒரு ரயிலும்

மூணாறு. இந்தப் பெயரைப் பிரித்துப் படியுங்கள். மூன்று ஆறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் ஊர் இது. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. இங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளுபவர்களில் பலர் தமிழர்கள். எங்கள் கற்போர் மையத்தில் படிப்பவர்களும் அவர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் நடக்கக் கிளம்பினோம். "இன்று புத்தகம் வேண்டாம். வழியில் பார்ப்பதைப் படிப்போம்" என்றேன். பழைய ரயில் ஓடிய பக்கமாகப் போவது, ஆற்றங்கரை வழியாகத் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

"இந்த மலையில ரயிலா தம்பி?" என்று ஓர் அக்கா சிரித்தார்.

ஆமாம், ரயில் ஓடியது. 1902-இல் முதலில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறிய சக்கரம் தண்டவாளத்தில் உருளும். பெரிய சக்கரம் தரையில் உருளும். மாடுகள் இழுக்கும். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலப் பாதை போட்டார்கள். அதில் நீராவி எஞ்சின் ஓடியது. மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் போயின. அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டு, கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு வண்டி கட்டிப் போடிநாயக்கனூருக்குக் கொண்டு போனார்கள். கடைசியில் அந்தத் தேயிலை கப்பலேறி இங்கிலாந்து போனது.

இன்று அந்த ரயில் இல்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் மட்டும் இருக்கிறது. அது இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அந்த அக்கா அதன் முன்னால் நின்று பார்த்தார். "தினமும் இந்த வழியாத்தான் போறேன். இது ஸ்டேஷன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

ரயில் எங்கே போனது? 1924 ஜூலையில் பெருமழை பிடித்தது. ஏறக்குறைய மூன்று வாரம் பெய்தது. மலை சரிந்தது. ஆறு பெருகியது. தண்டவாளமும் பாலமும் போயின. மலையாள ஆண்டு 1099 என்பதால், கேரளத்தில் இதை 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். அதன்பின் அந்த ரயில் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை.

திரும்பும்போது ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் அமைதியாக ஓடியது. ஒரு பாட்டி மெல்லச் சொன்னார்: "இப்ப இப்படித்தான் இருக்கும். பெட்டிமுடியிலயும் அப்படித்தான் இருந்துச்சு."

எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள். மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது. பாட்டிக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அக்கா இடுப்பில் செருகிய ஒரு தாளை எடுத்தார். போன மழையில் அவர்கள் லயத்தில் ஒட்டிய நோட்டீஸ் அது. "ஆறு மாசம் படிச்சேன் தம்பி. பேர் எழுதுறேன், பஸ் போர்டு படிக்கிறேன். ஆனா இதுல ஒரு எழுத்தும் தெரியலையே" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். அது மலையாளத்தில் இருந்தது. மலைச்சரிவில் இருப்பவர்கள் இரவுக்குள் முகாமுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று இரவு அக்கா வீட்டிலேயே தூங்கியிருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வாசலில் எந்த எழுத்து ஒட்டியிருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று முதல் எங்கள் மையத்துக் கரும்பலகையில் ஒரு மூலை ஒதுக்கினோம். எந்த நோட்டீஸ் வந்தாலும் அதைத் தமிழில் எழுதிப் போடுகிறோம். அக்காதான் எழுதுகிறார். முதலில் எழுதியது இதுதான்:

மழை எச்சரிக்கையின் நிறங்கள்
பச்சை: பயமில்லை.
மஞ்சள்: கவனமாக இருங்கள்.
ஆரஞ்சு: கிளம்பத் தயாராக இருங்கள்.
சிவப்பு: பேராபத்து. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம். பாதுகாப்பான இடத்தில் இருங்கள்.

மலை காட்டும் அடையாளங்கள்
1. தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் விழும்.
2. மரமும் கம்பமும் சாயும்.
3. புது இடத்தில் ஊற்று கிளம்பும்.
4. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கும்.
5. மழை பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் குறையும். மேலே மண்ணும் மரமும் அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் தண்ணீர் ஒரேயடியாக வரும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள். ஓடைக்கரையை விட்டு, சரிவை விட்டு விலகுங்கள். பிறகு 112-க்குப் போன் செய்யுங்கள்.

பதில் சொல்லுங்கள்
1. மூணாறு என்ற பெயர் எப்படி வந்தது?
2. ரயில் பாதை எந்த ஆண்டில் அழிந்தது?
3. மழையில் ஓடைத் தண்ணீர் குறைந்தால் ஏன் ஆபத்து?

செய்து பாருங்கள்
உங்கள் ஊர் ஆற்றங்கரையில் நடந்து போங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள். வெள்ளம் எந்த ஆண்டு வந்தது? எதுவரை வந்தது? நோட்டில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் நோட்டீஸ் வந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.