‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதுமா?

திருகோணமலைப் பாலையூற்றில் வீடு, நிலாவெளியில் ஆறு அறை கொண்ட சின்ன விடுதி என்று இருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் பிறந்தால் கடல் அடங்கிவிடும், வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் வெப்சைட் வேண்டும். மகள் இரவிரவாக இருந்து செய்து முடிக்கிறாள். படம் தேடிக் கூகுளுக்குப் போனால் நீலக் கடலும் வெள்ளை மணலுமாக வந்து விழுகின்றன. நல்லதாகப் பார்த்து நாலை எடுத்து ஒட்டி, கீழே சின்ன எழுத்தில் ‘நன்றி: கூகுள்’ என்று போட்டாயிற்று. கடன் தீர்ந்தது என்று நிம்மதி.

கடன் தீரவில்லை. அந்தப் படத்தைக் கூகுள் எடுக்கவில்லை. வெயில் ஏறுமுன் எழும்பி, முழங்கால் தண்ணீரில் நின்று யாரோ ஒருவர் எடுத்தது அது. நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு. அதற்கும் முன்னால், அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

‘இணையத்தில் கிடக்கிறது, பொதுவானதுதானே’

கூகுள் செய்வது படம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான். தேடல் பக்கத்தில் பயன்பாட்டு உரிமை என்ற வடிகட்டி ஒன்று உண்டு. அதில் கிரியேட்டிவ் கொமன்ஸ் (சிசி) என்ற திறந்த உரிமத்தைத் தெரிவு செய்தால் பட்டியல் சுருங்கும். அப்போதும் படம் இருக்கிற மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

இலங்கையில் இதற்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எடுத்த கணத்திலேயே படம் எடுத்தவருக்கு உரித்தாகிவிடுகிறது. எங்கும் பதியத் தேவையில்லை, படத்தின் மேல் பெயர் பொறிக்கவும் தேவையில்லை. வேண்டுமென்றே மீறியது நிரூபணமானால் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டால் உரிமை போய்விடும் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூமி அதிர்ந்தபோது, அங்கிருந்த புகைப்படக்காரர் டானியல் மொறெல் தான் எடுத்த படங்களை டுவிட்டர் வழியாகப் பகிர்ந்தார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை வேறொருவர் பெயரில் எடுத்து வெளியிட்டது, படங்களை விற்கும் கெட்டி நிறுவனம் விநியோகித்தது. 2013 நவம்பரில் நியூயோர்க் ஜூரிகள் அவருக்கு 12 இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள்.

‘இலவசத் தளத்தில் எடுத்தால் எதற்கும் போடலாம்’

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே ஆகிய மூன்றும் உண்மையிலேயே நல்ல தளங்கள். விடுதியின் வெப்சைட்டுக்கு இவற்றின் படங்களைக் காசு கொடுக்காமல், பெயர்கூடப் போடாமல் பயன்படுத்தலாம். (ஆனாலும் பெயர் போடுவது அழகு, அது எடுத்தவருக்குப் போய்ச் சேரும்.) இந்த அனுமதிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்து போகிறவர்கள் பெரும்பாலும் தெரியாமலேதான் போகிறார்கள்.

கருவாட்டுப் பொதிக்கு ஓர் இலச்சினை வேண்டும் என்று பெக்ஸல்ஸில் இருந்து ஒரு தோணிப் படத்தை எடுத்து, அதையே வணிகக் குறியாக்கி, கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியப் போனால் சிக்கல். வணிகக் குறியாகப் பயன்படுத்தக் கூடாது என்று பெக்ஸல்ஸும் பிக்ஸாபேயும் தங்கள் உரிமத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. காரணமும் நியாயமானது. அதே தோணியை மன்னாரில் இன்னொருவர் தன் பொதியில் போட்டால் எப்படித் தடுக்க முடியும்? எல்லோருக்கும் கொடுத்த ஒன்றை ஒருவர் தனக்கென்று வேலி போட முடியாது.

உரிமம் மாறவும் செய்யும். அன்ஸ்பிளாஷ் 2013இல் தொடங்கியபோது படங்கள் சிசி-சைபர் என்ற, எந்த நிபந்தனையும் இல்லாத அறிவிப்பின் கீழ் இருந்தன. 2017 ஜூனில் தனக்கென்று ஓர் உரிமம் எழுதிக்கொண்டது. 2021இல் கெட்டி அதை வாங்கியது. பெக்ஸல்ஸும் பிக்ஸாபேயும் 2019இல் கன்வாவின் கைக்குப் போயின. ஆகவே படத்தை இறக்குகிற அன்றே அதன் பக்கத்தையும் உரிமத்தையும் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது, கடைக்காரர் பற்றுச்சீட்டை எடுத்து வைப்பது போல.

‘பெயர் போட்டால் போதும்’

சில வேளை போதும், சில வேளை போதாது. விக்கிமீடியா கொமன்ஸில் கோணேசர் கோயிலின் ஒரு படத்தைத் திறந்தால், கீழே எடுத்தவர் பெயர், திகதி, அதற்கும் கீழே உரிமப் பெட்டி. அந்தப் பெட்டியில் உள்ள எழுத்துகள்தான் எல்லாம். பிவை என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்ஏ என்றால், படத்தை மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். பிளிக்கர் போன்ற இடங்களில் என்சி, என்டி என்பனவும் வரும். என்சி இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. அறை வாடகை வாங்குகிற விடுதி அதைத் தொடாமல் இருப்பதே பத்திரம். என்டி இருந்தால் வெட்டி ஒட்டி மாற்றியதை வெளியிடக் கூடாது.

சரியான குறிப்பு இப்படி இருக்கும்: படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், ‘விக்கிமீடியா கொமன்ஸ், சிசி பிவை-எஸ்ஏ 4.0’, மூலப் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பு, ஓரம் வெட்டியிருந்தால் ‘வெட்டப்பட்டது’ என்ற ஒரு சொல். ஒற்றை வரியில் அடங்கிவிடும்.

‘எடுத்தவர் சம்மதித்தால் படத்தில் இருப்பவரைக் கேட்கத் தேவையில்லை’

இந்த நம்பிக்கைதான் அதிகம் காயப்படுத்துவது. 2007இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு தேவாலய நிகழ்ச்சியில் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமியைப் படமெடுத்து, எடுத்தவர் பிளிக்கரில் பிவை உரிமத்தில் போட்டார். அவுஸ்திரேலியாவின் வேர்ஜின் மொபைல் நிறுவனம் அதை எடுத்து விளம்பரமாக்கியது. அடிலெய்டில் ஒரு பஸ் தரிப்பிடத்தில், பேனா நண்பியைக் கைவிடு என்ற வாசகத்தோடு அந்தப் பிள்ளையின் முகம் தொங்கியது. குடும்பம் வழக்குப் போட்டது. அவுஸ்திரேலிய நிறுவனத்தின் மீது தனக்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2009இல் டெக்சாஸ் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பதிப்புரிமைக்கு அனுமதி இருந்தது, முகத்துக்கு இருக்கவில்லை. உலகின் மறு கரையில் தன்னைக் கேலிப்பொருளாகப் பார்த்த பிள்ளைக்கு நேர்ந்ததை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத் திருவிழாவில் மெழுகுதிரியோடு நிற்கிற ஒரு தாயின் படம் யாரும் பார்த்து நெகிழக்கூடிய படம். அதைச் சுற்றுலா விளம்பரத்தில் போடுமுன் அந்தத் தாயைக் கேட்பதுதான் மரியாதை. பிள்ளை என்றால் பெற்றோரை.

‘பழைய படம் யாருக்கும் சொந்தமில்லை’

படத்தின் வயது அல்ல, எடுத்தவரின் மரணமே கணக்கு. இலங்கைச் சட்டத்தில் எடுத்தவரின் ஆயுளோடு அதன் பிறகு 70 ஆண்டு. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944 டிசம்பரில் இறந்தார். அந்த 70 ஆண்டு 2014இலேயே முடிந்துவிட்டது.

திருகோணமலையிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 1956இல் புகைப்படக்காரர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். தூணும் கல்லும் நீருக்கடியில் கிடக்கிற காட்சியை வில்சன் படமெடுத்தார். எழுபது வருடப் பழமை, யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் வில்சன் இறந்தது 1995இல். ஆயுளோடு 70 என்று கூட்டினால் 2065.

அதைவிடப் பன்னிரண்டு வருடம் பழைய படங்களோ தாராளமாகத் திறந்து கிடக்கின்றன. 1944இல் சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து, ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவை ஒட்டிய சபாங் மீதான தாக்குதலில் பிரித்தானியக் கப்பல்களோடு சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கடற்படையினர் கடமையில் எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. பிரித்தானிய அரசுக்காக 1957 ஜூன் 1க்கு முன் எடுக்கப்பட்டவற்றின் உரிமை 50 ஆண்டில் முடிந்துவிட்டது. துறைமுகத்தின் பழைய முகத்தைத் தன் உணவகச் சுவரில் மாட்ட நினைப்பவர் தேட வேண்டிய இடம் இதுதான்.

‘பொதுவெளிப் படம் என்றால் யாரும் காசு கேட்க மாட்டார்கள்’

கேட்டிருக்கிறார்கள். புகைப்படக்காரர் கரொல் ஹைஸ்மித் தன் படங்களை அமெரிக்க கொங்கிரஸ் நூலகத்துக்கு மக்களுக்காகக் கொடுத்தவர். 2015 டிசம்பரில் அவருடைய சொந்தப் படத்துக்கே 120 டொலர் கட்டச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. அடுத்த வருடம், தான் கொடுத்த படங்களுக்குக் காசு வாங்குவதாகச் சொல்லி, கெட்டி மீது 100 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார். பதிப்புரிமைக் கோரிக்கைகளை நீதிமன்றம் தள்ளிவிட்டது. இப்படி ஒரு கடிதம் நிலாவெளிக்கும் வரலாம். அப்போது கைகொடுப்பது அந்தத் திகதியிட்ட ஸ்கிரீன்ஷொட்தான்.

‘கடல் என்றால் எல்லாக் கடலும் ஒன்றுதான்’

இலங்கை மீனவர் என்றதும் கம்பத்தின் மேல் குந்தியிருந்து தூண்டில் போடுபவரின் படத்தை எடுத்துவிடுகிறார்கள். அது கொக்கலை, வெலிகம பக்கத்துத் தென்கரைக் காட்சி. திருகோணமலைக்குக் கரைவலை. விடிகாலையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இடுப்போடு அணைத்துப் பின்னால் சாய்ந்து இழுக்கிறவர்கள், வலையின் மடி கரையேறும்போது ஓடி வருகிற சிறுவர்கள், பறந்து சுற்றுகிற காகங்கள். பார்த்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

பொருத்தமான படம் இல்லை என்பதற்கு மருந்து, ஊரில் இருப்பவர்களே எடுத்துக் கொடுப்பது. 2011 இறுதியில் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஊடகப் போட்டி ஒன்று வைத்து, தமிழர் வாழ்வு தொடர்பான படங்களைக் கொமன்ஸில் ஏற்றச் சொன்னார்கள். ஊரூராகப் பலர் ஏற்றினார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பாலையூற்றின் ஒழுங்கைகளையும் அப்படி ஏற்ற ஒரு போனே போதும்.

அதுவரை, பக்கத்து வீட்டுத் தம்பியின் முகநூலில் உள்ள கரைவலைப் படம் பிடித்துப்போனால் விடுதிக்காரரின் மகள் வாட்சப்பில் இப்படிக் கேட்கலாம்: “தம்பி, நீங்கள் போட்ட அந்தக் கரைவலைப் படத்தை எங்கள் விடுதியின் வெப்சைட்டிலும் முகநூலிலும் போடலாமா? உங்கள் பெயர் கீழே வரும். காசு ஏதும் எதிர்பார்த்தால் சொல்லுங்கோ. அதில் நிற்கிற அண்ணாமாரையும் சம்மாட்டியையும் நாங்கள் போய்க் கேட்கிறோம்.”