அசைவூட்டப் படங்களில் குரலும் சுவைஞர் எதிர்பார்ப்பும்

முத்தமிழ் என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்ளும் இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான கருவி குரல். எனினும் குரலைப் பற்றிய ஆய்வு நம் தமிழ்த்துறைகளில் அருகியே காணப்படுகிறது. எழுத்தில் நிற்பனவற்றைப் பகுத்தும் தொகுத்தும் ஆராயும் நாம், அவற்றை ஒலிக்கும் மிடற்றை மறந்துவிடுகிறோம். அப்பெரும் பரப்பில் ஒரு சிறு மூலையை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அனிமேஷன் என்று மாணவர் வழங்கும் அசைவூட்டப் படங்களுக்கு யார் குரல் கொடுக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு சுவைஞரிடையே ஏன் எழுகிறது, அது எவ்வளவு நியாயமானது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பொருளை நாமாகத் தேடிச் செல்லவில்லை. 2025 செப்டம்பர் 18ஆம் நாள் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் காலமானார். மறுநாள் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு வகுப்பில் நாம் மெய்ப்பாட்டியல் நடத்தச் சென்றபோது பாடம் தொடங்கவில்லை. "சார், இனிமே பும்பாவுக்கு யார் சார் குரல் கொடுப்பாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஆளுக்கொரு நடிகர் பெயரைச் சொன்னார்கள். அது வாக்குவாதமாகி, அடுத்த வகுப்பறைக் கதவு சாத்தப்படும் அளவுக்குச் சென்றது. கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் பேசாதிருந்தார். அவரைக் கேட்டோம். "எங்க தம்பிக்கு ரோபோ சங்கர் யாருன்னே தெரியாது சார். அவனுக்குப் பும்பாவைத்தான் தெரியும். நேத்து டிவியில அவர் போட்டோ காட்டினப்ப, யார்ணா இதுன்னு கேட்டான்" என்றார்.

அன்று அந்தச் சொற்களை நாம் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, மற்றவர் அனைவரும் நடிகரைத் தேடிக்கொண்டிருக்க, அந்தச் சிறுவன் ஒருவனே பாத்திரத்தைக் கேட்டிருக்கிறான் என்பது புலனாயிற்று.

ஒரு சிங்கமும் பல குரல்களும்

அறியாதார் பொருட்டுச் செய்தியைச் சற்று விரித்துரைப்போம். அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'தி லயன் கிங்' கையால் வரையப்பட்ட சித்திரங்களால் ஆன படம். அதே கதை 2019இல், உண்மை விலங்குகளே நடிப்பன போன்ற தோற்றத்துடன் கணினியால் மீண்டும் உருவாக்கப்பட்டது. அதன் தமிழ் வடிவில் இளஞ்சிங்கம் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், வஞ்சகச் சிற்றப்பன் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும், ஸாஸு என்னும் பறவைக்கு மனோபாலாவும் குரல் கொடுத்தனர். கீரியை ஒத்த டிமோனுக்குச் சிங்கம்புலியும், காட்டுப்பன்றி இனத்தைச் சார்ந்த பும்பாவுக்கு ரோபோ சங்கரும் பேசினர். 2024 டிசம்பரில் வெளிவந்த 'முஃபாசா' படத்தில் அர்ஜுன் தாஸ் முஃபாசாவுக்கும், அசோக் செல்வன் அவனுடன் வளரும் டாக்காவுக்கும் பேச, டிமோனும் பும்பாவும் பழைய குரல்களிலேயே வந்தனர்.

இவ்வரிசையில் நம்மை வியக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. 1994 படத்தின் தமிழ் வடிவில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் அரவிந்த்சாமியே. தந்தையை இழந்த மகனாகப் பேசிய அதே மிடறு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அத்தந்தையைக் கொன்றவனாகப் பேசியது. இரண்டையும் கேட்ட சுவைஞர் எவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. குரலுக்கு உரியவர் ஒருவரே ஆயினும், பாத்திரம் மாறும்போது குரலும் வேறாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திரைக்குப் பின்னிருந்து வரும் பாட்டு

உருவம் ஒன்று, குரல் வேறொன்று என்பது வெளிநாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை அன்று. தென்மாவட்டங்களில் வழங்கிய தோற்பாவை நிழற்கூத்தில், வெண்திரைக்குப் பின் அமர்ந்த ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் இராவணனாகவும் பேசுவார். பாவைகளை ஆட்டுவதும் அவரே. அக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவை இணை ஒன்று வரும். காவிய மாந்தர் பெருமொழி பேச, இவ்விருவரும் ஊர்ப்பேச்சில் உள்ளூர்ச் செய்திகளைக் கலந்து பேசி மக்களைச் சிரிக்க வைப்பர். டிமோனும் பும்பாவும் தமிழில் பேசியதைக் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தவர்கள் இவர்களே. ஆப்பிரிக்கக் காட்டின் பன்றி தமிழ்நாட்டுத் தெருப்பேச்சைப் பேசுவது பொருந்துமா என்று முகம் சுளித்த நண்பர்கள் உண்டு. இலங்கைப் போர்க்களத்துக் கதையின் நடுவே உளுவத்தலையன் வந்து பேசியது பொருந்தியதென்றால் இதுவும் பொருந்தும் என்பதே நம் விடை.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது தெருக்கூத்து. சின்னசேலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கூத்துப் பார்த்து வளர்ந்த பெரியோர் இதனை நன்கறிவர். முதன்மை வேடம் களத்தில் நுழையும்போது இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பர். வேடதாரி அதன் பின்னால் நின்று பாடித் தம் வரவை உரைப்பார். முடியும் புஜக்கட்டையும் கண்ணுக்குத் தெரியும் முன்னரே துரியோதனன் செவிக்கு வந்துவிடுகிறான். அவையோர் அந்தக் குரலைக் கொண்டே இவன் துரியோதனன்தான் என ஒப்புக்கொள்வர், அல்லது முணுமுணுக்கத் தொடங்குவர். ஆடுபவர் இன்னார் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். இன்ன ஊர்க் கலைஞர் வருகிறார் என்று கேட்டுத்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்திருப்பர். ஆகவே பெயர்பெற்ற ஒருவரின் குரலை எதிர்பார்ப்பதே பிழை என்று நாம் கூறவில்லை. ஆனால் திரை விலகும் வரையில் அவர்கள் தீர்ப்புக் கூறியது வேடத்துக்கு, ஆளுக்கு அன்று.

இன்றைய விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. படத்தின் பாத்திரம் இன்னது என்று அறிவதற்கு முன் நடிகரின் நிழற்படம் சுவரொட்டியில் வந்துவிடுகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. ஜப்பானிய விளையாட்டுப் பாத்திரமான மாரியோவின் அசைவூட்டப் படத்துக்கு அமெரிக்க நடிகர் கிறிஸ் பிராட் குரல் கொடுப்பார் என 2021இல் அறிவிக்கப்பட்டபோது, பல்லாண்டுகள் அப்பாத்திரத்துக்குப் பேசிவந்த சார்லஸ் மார்ட்டினெட்டின் குரலில் ஊறிய சுவைஞர்கள் வெளிப்படையாகவே மனக்குறை தெரிவித்தனர். அங்கே சுவைஞர் கேட்டது நட்சத்திரத்தை அன்று, பழகிய குரலை.

இதழ் கூடும் இடம்

குரல் கொடுப்போரின் உழைப்பை நம் மாணவர் எளிதாக எண்ணிவிடுகின்றனர். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்று இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் ஒலியாவதைச் சொல்கிறார். பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைவதால் பிறப்பவை. இந்நூற்பாக்களைத் தேர்வுக்காக மட்டுமே மனப்பாடம் செய்யும் மாணவர், ஒருநாள் மொழிமாற்றுப் படம் ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். திரையில் சிங்கத்தின் வாய் மூடும் நொடியில் தமிழ் உரையாடலிலும் ப, ம போன்ற ஓர் எழுத்து விழ வேண்டும். வாய் அகலத் திறந்திருக்கும் இடத்தில் ஆகாரம் போன்ற ஒலி வேண்டும். பொருளும் கெடக்கூடாது, நேரமும் நீளக்கூடாது.

தமிழ்த் தொடரமைப்பு இங்கே மேலும் ஓர் இடரைத் தருகிறது. ஆங்கிலத் தொடரில் வினை முன்னே வரும்; தமிழில் பெரும்பாலும் இறுதியில் நிற்கும். திரையில் பாத்திரம் வினைச்சொல்லை அழுத்திக் கண்ணை உருட்டும் நொடியில் தமிழில் இன்னும் எழுவாயே முடிந்திராது. உரையாடல் எழுதுபவர் தொடரைப் புரட்டிப் போட வேண்டும். குரல் கொடுப்பவரோ அந்தப் புரட்டல் செவிக்குத் தெரியாமல் பேச வேண்டும். டப்பிங் என்று ஒரு சொல்லில் நாம் கடந்துபோகும் தொழில் இத்துணை நுட்பம் உடையது.

இத்தொழிலின் வல்லுநர் பலரின் முகத்தை நாம் அறியோம். நடிகர் விக்ரம் பெயர்பெறுவதற்கு முன் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். 'ராஜா ராணி'யில் நயன்தாராவாக நாம் கேட்டது தீபா வெங்கட்டின் குரல். இத்தகையோர் பல்லாண்டுகள் பேசிப் பேசித்தான், பிறமொழிப் படம் தமிழில் நன்றாக ஒலிக்கும் என்னும் நம்பிக்கையை நம் செவிக்குத் தந்தனர். அந்த நம்பிக்கை வேரூன்றியபின் பெரிய படங்களின் முதன்மைப் பாத்திரங்கள் நடிகர்களுக்குச் செல்கின்றன. ரோபோ சங்கர் பும்பாவாகவே மாறியதை நாம் மேலே பாராட்டினோம், அது உண்மை. ஆயினும் ஒவ்வொரு நடிகரும் அவ்வாறு மாறிவிடுவதில்லை. சிலருடைய குரல் விலங்கின் வாயிலிருந்து வராமல் சுவரொட்டியிலிருந்தே வருகிறது. அந்த இடத்தில் தொழில்வல்லார் ஒருவர் பேசியிருந்தால் அவருக்கு வாழ்வும் பாத்திரத்துக்கு உயிரும் கிடைத்திருக்கும். சுவைஞர் எதிர்பார்ப்பு என்னும் பெயரால் நிகழும் இவ்விழப்பை நாம் சிறிதாகக் கருதவில்லை.

பழகிய குரல் மாறினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது மற்றொரு வாதம். 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். குண்டடி பட்டார். கழுத்தில் ஏற்பட்ட காயத்தால் அவர் பேச்சின் தெளிவு குன்றியது. அதே ஆண்டில் வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் அவர் அம்மாறிய குரலிலேயே பேசினார். மக்கள் அதையும் தம் குரலாகவே ஏற்றுக்கொண்டனர். பழகிய செவி புதிய ஒலிக்குப் பழக மறுப்பதில்லை; சிறிது காலம் கேட்கிறது, அவ்வளவே.

மறைந்தவரின் குரல்

மேற்கூறியவை அனைத்தும் பத்தாண்டுகளுக்கு முன்னரும் கூறத்தக்கனவே. இன்று புதிதாக எழுந்துள்ள வினா வேறு. குரலுக்கு உரியவர் மறைந்தபின்னும் அக்குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்க முடிகிறது. முதல் படத்திலும் 2019 படத்திலும் ஆங்கிலத்தில் முஃபாசாவாகப் பேசிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் 2024 செப்டம்பரில் மறைந்தார். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் தாம் பேசிய டார்த் வேடர் பாத்திரத்துக்காகத் தம் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து குரலை மீட்டுருவாக்க அவர் வாழுங்காலத்திலேயே இசைவு அளித்திருந்தார். தமிழிலும் இது நிகழ்ந்துவிட்டது. 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இம்முறையில் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டில் பவதாரிணியின் குரல் 'தி கோட்' படப் பாடலில் ஒலித்தது.

சாகுல் ஹமீதின் குரலை மீண்டும் கேட்டபோது நம் இல்லத்தில் மூத்தோர் ஒருவர் கண்கலங்கியதை மறைப்பதற்கில்லை. குரலின் வலிமை அத்தகையது. நாகூர் ஹனிபாவின் குரலை முதல் எழுத்திலேயே அறியாத முதியவர் நம்மூரில் இருப்பாரா? எனவே இவ்விருப்பத்தை நாம் எள்ளி நகையாடவில்லை.

ஆனால் இசைவும் ஊதியமும் இல்லாத இடத்தில் இது களவே ஆகும். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படம் ஒன்றில் இசைவின்றி உருவாக்கியதாக அவர் மகன் 2024இல் சட்ட அறிவிப்பு அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இசைவின்றிப் போலி செய்வதற்கு மும்பை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. இசைவு இருப்பினும் அசைவூட்டப் பாத்திரத்தின் வகையில் நம் கருத்து வேறு. பாடல் என்பது பாடகரின் நினைவைப் போற்றுவதாக இருக்கலாம். பும்பாவோ இன்னும் வாழும் பாத்திரம். நாளை அது புதிய கதையில் புதிய இடுக்கணில் சிக்கும். அதற்கு அச்சமும் உவகையும் இன்று உயிரோடு இருக்கும் ஒரு நெஞ்சிலிருந்து எழ வேண்டும். பழைய ஒலிகளை ஒட்டி அமைத்த குரலில், அவர் பேசாத சொற்களை அவர் பெயரால் பேசவைப்பது, அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதையாக நமக்குத் தோன்றவில்லை. கூத்து ஆசான் மறைந்தால் அவர் வேடத்தை மாணாக்கர் கட்டுவர். முதல் ஆண்டு ஊரார் ஒப்பிட்டுத்தான் பேசுவர்.

வகுப்பில் தொடங்கிய வாதம் தீராமையால், தமிழ் மன்றக் கூட்டத்தில் சிறு முயற்சி ஒன்று செய்தோம். இரு மாணவர் ஒரு போர்வையைப் பிடித்து நிற்க, விரும்பியோர் பின்னால் நின்று பும்பாவாகப் பேசினர். எழுவர் பேசினர். ஐவர் ரோபோ சங்கரைப் போலவே பேச முயன்றனர். கைதட்டல் கிடைத்தது, சிரிப்பு வரவில்லை. ஆறாவதாகப் பேசியவர் எவரையும் போலப் பேசாமல், மலைப்பகுதிப் பேச்சில், பசித்த பன்றி ஒன்று பலாப்பழத்துக்கு வழி கேட்பதுபோல் பேசினார். அவை குலுங்கியது. போர்வை இறக்கப்பட்டபோது நின்றவர் கடைசி வரிசை மாணவர்.

தம் தம்பிக்காக அதனைக் கைபேசியில் பதிவுசெய்துகொண்டு சென்றார். தம்பி என்ன சொன்னான் என்று பின்னர் வினவினோம். "இது வேற பும்பா, ஆனா இதுவும் பும்பாதான்னு சொல்றான் சார்" என்றார். வரும் ஆண்டு மன்ற விழாவில் இப்போட்டியை முறையாக நடத்தத் துறை எண்ணியுள்ளது. பங்குபெற விரும்பும் மாணவர் பிறப்பியலை ஒருமுறை படித்துவிட்டு வருதல் நலம்.