வறுமையிலிருந்து கொடைக்கு: யூரோவிஷன் மேடையில் ஒரு போர்த்துகீசியக் காதற்பாடல்

முன்னுரை

1956 முதல் நடைபெற்றுவரும் யூரோவிஷன் பாடற்போட்டியில், ஒரு பாடல் மூன்று நிமிடத்திற்குள் பன்னாட்டவரின் செவியைக் கவரவேண்டும். அதனால் ஆடற்குழு, வாணவெடி, ஆங்கிலமொழி ஆகியவற்றைப் பல நாடுகள் துணைக்கொள்கின்றன. 2017 மே 13 அன்று உக்ரைனின் கீவ் நகரில் நிகழ்ந்த இறுதிச் சுற்றில் இவற்றுள் எதனையும் நாடாத பாடலொன்று வென்றது. லூயிசா சோப்ரால் எழுதி இசையமைக்க, அவர்தம் தம்பி சால்வதோர் சோப்ரால் பாடிய 'அமார் பெலுஷ் தோய்ஷ்' (இருவர்க்குமாகக் காதலித்தல்) என்பதே அது. மெலிவை வெளிப்படுத்தும் இப்பாடல் இரங்கத்தக்கதாக மட்டும் நின்றுவிடாமைக்குரிய காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டு நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருதலைக் கூற்று

பாடலின் தலைவன் பிரிந்த காதலை மீண்டும் வேண்டுகிறான். மறுமொழி பாடலுள் இல்லை. எதிர்ச்சொல் பெறாத இக்கூற்று கைக்கிளையை நினைவூட்டும். ஆயினும் தொல்காப்பியக் கைக்கிளை காமம் சாலா இளையோளை நோக்கியது. அங்குக் காதல் இன்னும் தொடங்கவில்லை. இங்கோ இருதலையாக இருந்த காதல் ஒருதலையாயிற்று. எனவே இதனைக் கைக்கிளை என வகைப்படுத்துவதினும், ஒருதலைக் கூற்று எனக் கொள்வதே தகும்.

மெய்ப்பாட்டு மாற்றம்

அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் வறுமையையும், பெருமிதத்திற்குரிய நான்கனுள் கொடையையும் தொல்காப்பியம் வைக்கிறது. பாடல் இவ்விரண்டிற்கும் இடையே இயங்குகிறது. காதலுக்கு முன் தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதிருந்ததைத் தலைவன் முதலில் ஒப்புகிறான், அடுத்து இரக்கிறான், ஒருவர் மட்டும் காதலித்தல் இயலாது என்பதையும் உணர்கிறான். இறுதியில், மற்றவர் நெஞ்சம் இசையாதாயின் அவர் பங்கையும் தன் நெஞ்சமே ஏற்கும் என்கிறான். இரந்தவன் ஈவோனாகும் இவ்விடத்தில் அழுகை பெருமிதமாகத் திரிகிறது.

நிகழ்த்துமுறையும் இதற்கு இயைந்தது. மூன்றன்நடையில் அமைந்த மெல்லிசை, தாழ்ந்த குரல், பார்வையாளர் நடுவே சிறுமேடையில் தனித்து நிற்றல் ஆகியன கேட்போரை நெருங்கிவரச் செய்தன.

முடிவுரை

1964 முதல் பங்கேற்றுவந்த போர்த்துகல் இப்பாடலால் முதன்முறையாக வென்றது. பெற்ற புள்ளிகள் 758. நடுவர் குழுக்கள் வழங்கியவை 382, மக்கள் வாக்கில் கிடைத்தவை 376. பாடகரின் இதயநோய் குறித்த செய்தி எழுப்பிய இரக்கமே வெற்றிக்குக் காரணம் எனக் கருதவும் இடமுண்டு. ஆயின், இருசாராரிடத்தும் தனித்தனியே முதலிடம் பெற்றமை அக்கருத்து மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. புள்ளிகள் மெய்ப்பாட்டை அளப்பன அல்ல. மொழியறியாதோர் பலர் பாடலின் சொற்பொருளை உணர்ந்திருக்கவும் இயலாது. எனினும், பாடலின் மெலிவு இரத்தலில் முடியாமல் கொடையாக நிறைவுறுகிறது என்பதும், அந்நிறைவைப் பாடியமுறை சிதைக்கவில்லை என்பதும் இவ்வாய்வின்வழிப் பெறப்படுகின்றன.