புது எஸ்.எஸ்.டி. போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணோமா?

பதறாதீங்க. அவசரப்பட்டு ஃபார்மேட்டும் பண்ணிடாதீங்க! உங்கள் சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் படங்கள் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. மாட்டியதும் அந்த போர்ட்டுகள் வேலை செய்யாது.

என்ன செய்யலாம்?

1. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள்.

2. மதர்போர்டின் மாடல் பெயரைப் பார்த்து, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து கையேட்டை மொபைலில் டவுன்லோடு செய்யுங்கள். எந்த போர்ட் வேலை செய்யாது என்று அதில் இருக்கும்.

3. ஹார்டு டிஸ்க் கேபிளை வேறு சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள்.

எம்.2 எஸ்.எஸ்.டி.யில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. உங்க ஸ்லாட் எதை ஏற்கும்னு பார்த்துட்டு வாங்குங்க.