இளநீர் மட்டையைக் கவிழ்த்து வையுங்கள்

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனாலும் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் வீட்டு மிளகாய்ச் செடி வாடும். வெறும் மண்ணிலிருந்து நீர் விரைவாக ஆவியாவதே காரணம். அதைத் தடுக்கும் போர்வைதான் மூடாக்கு. களை விதைகளுக்கு வெளிச்சம் கிட்டாமலும் அது தடுக்கும்.

காசு செலவில்லை. காய்ந்த இலை, உலர்ந்த புல் போதும். தண்டை ஒட்டாமல் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மரத்தூளை மட்டும் மண்ணோடு கலந்துவிடாதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும்.

இளநீர்க் கடையில் வெட்டி எறியும் மட்டை இன்னும் நல்லது. அதன் நார் நீரைப் பிடித்து வைக்கும், மெதுவாகவே மட்கும். ஆனால் குழிப்பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தேங்கி, ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய கொசுக்கள் கிளம்பிவிடும். டிங்கியைப் பரப்புவது அவைதாம். குழி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் அந்தக் கவலையும் இல்லை.